கரண்ட் பில் ஏன் எகிறியது? பெங்களூர் வயர்மேனிடம் சில கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் அல்சூர், பாணஸ்வாடி பக்கம் வயரிங் வேலை பார்த்தவன் நான். நம் ஆட்கள் கேட்டு அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ராமமூர்த்திநகரிலிருந்து ஓர் அக்கா: ஒரு வருடமாக எங்களுக்குப் பூஜ்ஜியம் பில்தான். இந்த டிசம்பரில் திடீரென்று ஆயிரத்துக்கு மேல் வந்துவிட்டது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. போன மாதம் 194 யூனிட், இந்த மாதம் 206. மீட்டர் வேகமாக ஓடுகிறதா அண்ணே?

மீட்டரைத் திட்டாதீர்கள் அக்கா. கூடியது 12 யூனிட்தான். வீடுகளுக்கு இலவச கரண்ட் தரும் கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டம் 2023 ஆகஸ்ட் பில்லிலிருந்து நடக்கிறது. 2022-23இல் நீங்கள் மாதம் சராசரியாக எரித்ததையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் இலவசம் என்கிறார்கள். அதைத் தாண்டி 200க்குள் நின்றால் தாண்டியதற்கு மட்டும் காசு. 200ஐத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கட்ட வேண்டும். அதனால்தான் உங்களுக்குப் பூகம்பம் வந்த மாதிரி இருக்கிறது.

அந்த 12 யூனிட் எங்கிருந்து வந்தது? 2000 வாட் கீசரைத் தினமும் 12 நிமிடம் கூடப் போட்டால் மாதத்துக்கு 12 யூனிட் ஆகிவிடும். டிசம்பர் குளிரில் தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, கீசர் கூட நேரம் ஓடுகிறது. எல்லோரும் குளித்து முடித்ததும் சுவிட்சை அணைக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அணைக்காவிட்டால் தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

விவேக்நகர் தம்பி: மீட்டர் சரியா என்று நாமே பார்க்க முடியாதா?

பார்க்கலாம். மீட்டரில் மினுக் மினுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் ஓடினால் அது கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு முறை மினுக்கும். பத்து விநாடிக்கு ஒரு முறை என்றால் ஏறக்குறைய 110 வாட் ஓடுகிறது.

ராத்திரி ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் பத்து விநாடிக்கு ஒன்று மினுக்கினால் மாதம் 80 யூனிட் சும்மா போகிறது. மெயினையும் அணையுங்கள். அப்புறமும் மினுக்கினால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ லைன் எடுத்திருக்கலாம், இல்லை மீட்டரே கோளாறாக இருக்கலாம். மெயினை அணைத்ததும் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கிற சுவிட்சை (எம்சிபி) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த அறை என்று பிடிபடும். ஒன்று: லோடே இல்லாதபோது சில மீட்டரில் விளக்கு மினுக்காமல் அப்படியே எரிந்துகொண்டிருக்கும், அது கோளாறு இல்லை. அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர்.

ஹொரமாவு, சொந்த வீட்டுக்காரர்: வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மூன்று மாதமாக 50 யூனிட் கூட வருகிறது. ஏசி கிடையாது, கீசருக்குப் பதில் சோலார்.

அப்படியானால் மோட்டாரைப் பாருங்கள். என் அனுபவத்தில் பில் கூடுகிற வீடுகளில் பாதிக்குக் காரணம் கரண்ட் இல்லை, தண்ணீர்தான். ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். 2024 கோடையில் இங்கே போர்வெல்கள் வற்றியபோது, நாற்பது நிமிடத்தில் நிரம்பிய மேல்தொட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பழைய அளவுதான், யூனிட் மட்டும் இரண்டு மடங்கு. உங்களுடையது சம்ப்பிலிருந்து ஏற்றுகிற மோட்டார் என்றால் ஃபுட் வால்வு தேய்ந்து தண்ணீர் திரும்ப இறங்குகிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம் கழிவறை ஃபிளஷ் தொட்டி. ராத்திரி படுக்கும் முன் அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கொஞ்சம் விடுங்கள். காலையில், ஃபிளஷ் செய்வதற்கு முன், கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. மோட்டார் அதையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறது. வாஷர் மாற்றப் பெரிய செலவில்லை.

முருகேஷ்பாளையா, வாடகைக்கு இருப்பவர்: ஓனரின் மோட்டாரும் மாடிப்படி லைட்டும் என் மீட்டரில் ஓடுவதாகச் சந்தேகம். எப்படிக் கேட்பது?

கேட்கவே வேண்டாம். "ஃபேன் ரிப்பேர், மெயினை அணைக்கிறேன் சார்" என்று சொல்லி அணையுங்கள். மோட்டாரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடவில்லையென்றால் பதில் அவர் கண்ணெதிரிலேயே இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, குடித்தனக்காரரின் ஃபிரிட்ஜ் பல வருடம் ஓனர் மீட்டரில் ஓடிய வீடும் எனக்குத் தெரியும்.

சிவாஜிநகர்: எங்களுக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. நல்லதுதானே?

ஊருக்குப் போயிருந்தீர்களா? இல்லையென்றால் மீட்டர் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். பில்லில் உள்ள எண்ணைவிட மீட்டரில் மிக அதிகமாக இருந்தால், குறைவாக எழுதிவிட்டார்கள். மிச்சமெல்லாம் அடுத்த மாதம் சேர்ந்து வந்து 200ஐத் தாண்டினால் சிரமம். உடனே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அல்சூர் அம்மா: ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடுகிறது.

பழைய பில் தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிற்று.

பாணஸ்வாடி: இந்த மாதம் 40 யூனிட் கூட. கீசர் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். கீசருக்குள் எலிமென்ட் ஓட்டையாகி கரண்ட் தண்ணீரில் இறங்குகிறது என்று நினைக்கிறேன். எர்த்தும் சரியில்லை, இருந்தால் உங்களுக்குச் சுர்ரென்றிருக்காது. இதைப் படித்ததும் கீசருக்குப் போகிற எம்சிபியை அணையுங்கள், யாரையும் அந்தக் குழாயைத் தொட விடாதீர்கள். எலிமென்ட்டையும் எர்த்தையும் சரிசெய்கிற அன்றே கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். பில் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.