பினாங்கில் வீடு, கேஎல்லில் பேஸ்: போய்வந்து விமானி வேலை பார்க்க முடியுமா?

கேட்டவர் புதிதாக வேலை கிடைத்த ஒரு தம்பி. ஏ320 விமானப் பயிற்சி முடித்துவிட்டார், கம்பெனி கோலாலம்பூரை (கேஎல்) பேஸாக, அதாவது வேலை தொடங்கி முடிகிற ஊராக, கொடுத்திருக்கிறது. அப்பா அம்மா பினாங்கில், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. பினாங்கிலிருந்தே போய்வரலாமா என்பது முதல் கேள்வி. அடிக்கடி எம்.சி. (மருத்துவச் சான்றோடு எடுக்கும் விடுப்பு) எடுத்தால் கேப்டன் ஆவது தள்ளிப்போகுமா என்பது இரண்டாவது.

தம்பி, நான் நான்கு வருஷம் இப்படி ஓடியவன். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கேள்வி.

முதலில் ஓட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு–கேஎல் ஒரு மணி நேரப் பறப்பு என்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். காலை 6 மணி விமானத்துக்கு 5 மணிக்கெல்லாம் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கு வந்து சேர விமானம் கிடையாது, முதல் நாள் மாலையே கிளம்ப வேண்டும். இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்தால் திரும்பிப் போகவும் விமானம் இல்லை. ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், நான்கு நாள் வேலை என்றிருக்கும். வீட்டுக் காலண்டரில் அது ஆறு நாள்.

ஸ்டாஃப் டிக்கெட் மலிவுதான், ஆனால் ஸ்டாண்ட்பை. இடம் மிச்சமிருந்தால்தான் ஏற்றுவார்கள். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள் மூன்று விமானங்களை என் கண்ணெதிரே அனுப்பிவிட்டு, கேஎல்லின் டிபிஎஸ் பஸ் நிலையம் போய் பினாங்கின் சுங்கை நிபோங்குக்கு பஸ் பிடித்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கிக்கொண்டு மனைவி கிளம்பிய நேரத்தில் நான் பாதி வழியில் தாப்பாவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். காரை எடுத்தால் கேஎல்ஐஏ விமான நிலையம் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல், அதற்கப்புறம் விமான நிலைய ரயிலில் 28 நிமிடம்.

இந்த ஓட்டம் முழுவதும் கம்பெனி கணக்கில் உங்கள் ஓய்வு நேரம். வேலைக்காக அவர்களே உங்களைப் பயணியாக ஏற்றி அனுப்பினால் அது டியூட்டி. நீங்களாகப் போய்வந்தால் அது உங்கள் பாடு. ஐரோப்பிய விதிமுறைகளின் வழிகாட்டுதலில் ஒரு வரி உண்டு: வீட்டிலிருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால், பேஸுக்கு அருகே தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். பினாங்கு சுங்கை ஆராவில் என் வீட்டுக் கதவிலிருந்து சிப்பாங்கில் கேஎல்ஐஏ குரூ அறை வரை ஒருநாளும் மூன்றரை மணிக்குக் குறைந்ததில்லை. அதனால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாலாக் திங்கியில் ஒரு வீடு எடுத்தோம். ஹோம் ஸ்டாண்ட்பை, அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக இருக்க வேண்டிய நாள்களில் வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் போய் நிற்க வேண்டுமே.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது உடம்புக்கு முடியாமல் போகிற நாள்தான்.

மூன்றாவது வருஷம், ஒரு மாலை பினாங்கிலிருந்து கிளம்பும்போதே தொண்டை கரகரத்தது. காலையில் சாலாக் திங்கியில் எழுந்தபோது மூக்கு முழுசாக அடைத்திருந்தது. பினாங்கிலேயே இப்படி இருந்திருந்தால் போனை எடுத்து எம்.சி. என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன். ஆனால் வந்தாயிற்று. டிக்கெட், ராத்திரித் தூக்கம், மனைவியோடு போட்ட சின்னச் சண்டை எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. எம்.சி. எடுத்தாலும் கஞ்சி வைத்துத்தர ஆளில்லாத அந்த அறையில்தான் கிடக்க வேண்டும். சரி, கடல் தாண்டி கூச்சிங் போய்த் திரும்புவதுதானே என்று யூனிஃபார்மை மாட்டினேன்.

உயரத்தில் பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய கெந்திங் மலை உச்சியில் இருப்பது போல, சில சமயம் அதைவிடவும் குறைவு. ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போது தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். ஜலதோஷத்தில் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். கூச்சிங்கில் இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், விழுங்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இடது காதில் கம்பியைக் காய்ச்சிச் செருகியது மாதிரி வலி. கேப்டன் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். தரையில் டாக்டர் செவிப்பறையைப் பார்த்து, பயணியாகக்கூடப் பறக்கக் கூடாது என்றார். கூச்சிங்கிலிருந்து பினாங்குக்கு பஸ் கிடையாது! ஒன்பது நாள் ஓட்டலில் கிடந்தேன். அப்புறம் வீட்டில் பத்து நாள். ஒரு நாள் எம்.சி.யை மிச்சம் பிடிக்கப் போய் பத்தொன்பது நாள். நான் இறங்கிவிட்டதால் திரும்பி வர வேண்டிய பயணிகள் வேறு துணை விமானி வரும்வரை காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

என் கதை காதோடு போயிற்று. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்ததைப் பயிற்சியில் படித்திருப்பீர்கள். விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு பேஸ் நியூவார்க், வீடு நாட்டின் மறுகோடியில் சியாட்டல் பக்கம். முந்தின இரவு சரக்கு விமானங்களில் இடம் கேட்டு ஏறி, மெம்ஃபிஸ் வழியாக வந்திருந்தார். அவருக்கும் ஜலதோஷம். வீட்டில் இப்படி இருந்திருந்தால் கிளம்பியே இருக்கமாட்டேன், இங்கே வந்த பிறகு சிக் என்று சொன்னால் சரியாகும்வரை ஓட்டலில் நானே அறை போட வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது காக்பிட் பதிவில் இருக்கிறது. ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக நடந்துகொண்டதே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. களைப்பு இரண்டு பேரையும் பாதித்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அது விபத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். அதனால் ஜலதோஷம்தான் விமானத்தை விழவைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சைப் படித்தபோது சாலாக் திங்கி அறையில் நான் எனக்குள் சொல்லிக்கொண்டது அப்படியே கேட்டது.

இப்போது எம்.சி. விஷயம். சட்டம் உங்கள் பக்கம்தான். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு வருஷம் 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து இந்த 60 தனிக் கணக்கு. 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பறக்கும் மணிக்குத் தரும் அலவன்ஸ், பறக்காத நாளில் வராது. சம்பளத்தோடு விடுப்பு என்று காகிதத்தில் இருந்தாலும் மாசக் கடைசியில் பை கொஞ்சம் இளைத்திருக்கும்.

கேப்டன் ஆவது தள்ளிப்போகுமா? எண்ணிக்கையை விட எந்தெந்த நாளில் எடுத்தோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஓடுகிறவனுக்கு இங்கேதான் சிக்கல். லீவு நாளில் வீட்டில் காய்ச்சல் வந்தால், அவன் வேலையின் முதல் நாள்தான் எம்.சி. எடுப்பான், அதுவும் பினாங்கு கிளினிக்கில். என்னை ஒருமுறை கூப்பிட்டு, “உங்கள் காய்ச்சல் எப்போதும் ஆஃப் நாளுக்கு அடுத்த நாள்தான் வருமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அத்தனையும் நிஜக் காய்ச்சல். கூச்சிங் நாளில் நான் யூனிஃபார்ம் மாட்டியதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். எல்லா எம்.சி.க்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பொய் எம்.சி. மட்டும் ஒருமுறைகூட வேண்டாம், நிஜமாக முடியாமல் போகிற நாளில் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நானாக இருந்தால் முதல் நாளே பினாங்கு பேஸ் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கல்யாணம் முடிந்ததும் இருவருமாக கேஎல்ஐஏவுக்கு அருகே நீலாய் பக்கம் குடிபோய்விடுவேன். புது விமானிக்கு முதல் இரண்டு வருஷம் பயிற்சி, சோதனை, ஸ்டாண்ட்பை என்றே போகும். அந்த நேரத்தில் ஓட்டமும் சேர்ந்தால் தாங்காது. நான் கேட்டு ஐந்தாவது வருஷம் பினாங்கு கிடைத்தது. இதுவும் சொர்க்கமில்லை. சின்ன பேஸ், ஒருவர் எம்.சி. எடுத்தால் போன் எனக்குத்தான் வரும். சிமுலேட்டர் சோதனைக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை தெற்கே போகிறேன், ஆனால் அந்தப் பயணம் டியூட்டி.

வீட்டில் ஒத்துக்கொள்ளாமல் ஓடத்தான் போகிறீர்கள் என்றால், கிளினிக்குக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். நாங்கள் எடுத்த வீட்டுக்குக் கீழே அருமையான மாமாக் சாப்பாட்டுக் கடை இருந்தது, கிளினிக் மூன்று கிலோமீட்டர் தள்ளி. டாக்டரிடம் முதலில் விமானி என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஜலதோஷத்துக்கு அந்தச் சின்ன மஞ்சள் பிரிட்டோன் மாத்திரையைக் கொடுத்துவிடுவார், அது தூக்கத்தில் தள்ளும், அதைப் போட்டுக்கொண்டு பறக்க முடியாது.