பேட்மேன் யாருடைய ஆள்?

அன்புள்ள ஐயா,

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் மூன்று பேட்மேன் படங்களையும் பலமுறை பார்த்தவன் நான். அண்மையில் ஆடம் வெஸ்ட் நடித்த 1966 படத்தைப் பார்த்தேன். பட்டப்பகலில் அங்கியோடு ஓடும் அவர் எனக்குக் கோமாளியாகத்தான் தெரிந்தார். இது மூலக் காமிக்ஸுக்குச் செய்த துரோகம் இல்லையா? நோலன் காட்டியவன்தானே உண்மையான பேட்மேன்?

ர.

அன்புள்ள ர.,

மூலத்துக்கே போவோம். பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939இல் உருவாக்கிய பேட்மேன், முதல் கதையிலேயே ஒருவனை அமிலத் தொட்டிக்குள் விழும்படி அடித்துவிட்டு, அவனுக்கு இது தகும் என்கிறான். ஆரம்ப இதழ்களில் துப்பாக்கியும் வைத்திருந்தான். கொல்லமாட்டேன் என்ற விரதம் பிறகு வந்தது. அந்த மூலத்தை வைத்து அளந்தால் நோலனின் நாயகனும் தேறமாட்டான்.

நான் வேறொன்றைப் பார்ப்பேன். ஒவ்வொரு காலத்திலும் அவன் யாருடைய ஆளாக வருகிறான்?

1943இல் 15 பகுதிகளாகத் திரையரங்குகளில் ஓடிய தொடரில் அவன் அரசாங்கத்தின் ரகசிய ஏஜென்ட். வில்லன் டாக்கா ஒரு ஜப்பானிய உளவாளி, நடித்தவர் வெள்ளைக்காரர். ஜப்பானியர் வாழ்ந்த தெரு ஆளில்லாமல் கிடப்பதைக் காட்டி, அவர்களைப் பிடித்துக்கொண்டு போன அரசின் அறிவை மெச்சுகிறது பின்னணிக் குரல். உண்மையிலேயே அப்போது அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைபட்டார்கள். பெரும்பாலோர் அந்நாட்டின் குடிமக்கள். பேட்மேன் படங்களில் என்னைக் கூசவைப்பது இதுதான், ஆடம் வெஸ்ட் அல்ல.

நீங்கள் கோமாளி என்ற அவரை இன்னொரு முறை பாருங்கள். திரி எரியும் குண்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் ஓடுகிறார். ஒருபக்கம் கன்னியாஸ்திரிகள், ஒருபக்கம் கைக்குழந்தையோடு தாய், படகில் காதலர்கள். தண்ணீரில் எறியலாம் என்றால் அங்கே வாத்துக் குஞ்சுகள்! சிரிக்கவைக்கத்தான் எடுத்தார்கள். எனக்கோ, ஒரு குஞ்சும் சாகக்கூடாது என்று தவிக்கும் அந்த மனிதர்மேல் சிறுவயது முதலே பிரியம். 1989இல் இயக்குநர் டிம் பர்ட்டனின் பேட்மேன், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே ரசாயன ஆலையைத் தகர்க்கிறான். அவனைத்தான் நாம் ‘சீரியஸ்’ என்றோம்.

நோலனின் 2008 படத்தில் வில்லன் ஜோக்கரைப் பிடிக்க, பேட்மேன் ஊரிலுள்ள அத்தனை செல்போன்களையும் தன் காதாக மாற்றுகிறான். 2001 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசே நீதிமன்ற அனுமதி இல்லாமல் சொந்த மக்களின் பேச்சை ஒட்டுக்கேட்டது வெளியாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அவனுக்குக் கருவிகள் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸ் இது தவறு என்கிறார், இந்த இயந்திரம் இருக்கும்வரை நான் இங்கே வேலை செய்யமாட்டேன் என்கிறார். ஆனாலும் உதவுகிறார். ஜோக்கர் பிடிபட்ட பிறகு இயந்திரம் அழிகிறது. படம் பேட்மேனை மன்னித்துவிடுகிறது. நோலனை மிகவும் மதிக்கிறேன். அந்த மன்னிப்பு மட்டும் எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

2022இல் மேட் ரீவ்ஸின் படம் வந்தது. தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒரு கும்பல் ஆசிய முகம் கொண்ட பயணி ஒருவரைச் சூழ்கிறது. பேட்மேன் இருட்டிலிருந்து வந்து அவர்களை அடித்து நொறுக்குகிறான். முடிந்ததும் திரும்பிப் பார்க்கிறான். தரையில் கிடக்கும் அந்தப் பயணி, தன்னைக் காப்பாற்றியவனிடமே ‘என்னை ஒன்றும் செய்துவிடாதே’ என்று கெஞ்சுகிறார்.