டெர்மினலில் எஸ்எம்பிடி-யை ஓடவிட்டால் ஷேர் தெரிகிறது, ரீபூட் செய்தால் காணாமல் போகிறது. ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஏதோ ஒரு சின்ன ஆபீஸில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு போட்டு, வீடியோ பார்த்து சாம்பா (லினக்ஸ் மெஷினில் இருக்கிற ஃபோல்டரை விண்டோஸ் மெஷின்களுக்கு நெட்வொர்க்கில் பகிர்கிற மென்பொருள், எஸ்எம்பிடி அதன் சர்வர் புரோகிராம், பகிர்கிற ஃபோல்டர்தான் ஷேர்) ஏற்றி, ராத்திரி பத்து மணிக்கு ஒருவழியாக ஷேர் தெரிந்ததும் ‘சரி, போதும்’ என்று வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கையால் கிளப்பிய டீமன் (பின்னணியில் ஓடுகிற புரோகிராம்) வேறு, மெஷின் பூட் ஆகும்போது சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கிற மேலாளர்) கிளப்புகிற டீமன் வேறு. புரோகிராம் ஒன்றுதான், ஆனால் இரண்டும் படிக்கிற கான்ஃபிக் ஃபைல் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கமென்ட்டில் பாடம் எடுக்க வருகிறவர்களுக்காக இந்த வரி.)

2018இல் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்துக்கு ஃபைல் சர்வர் வைத்துக் கொடுத்தேன். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அங்கே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். அதற்கப்புறம் ஆர்டர் குவியும், டிசைனர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் ஆடி 18க்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அச்சக முதலாளி அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார்.

ராத்திரி வேலை. இடிசி-க்குள் (சிஸ்டத்தின் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டர்) இருக்கிற ஒரிஜினல் எஸ்எம்பி டாட் கான்ஃப்-ஐ, அதாவது சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலை, கெடுத்துவிடக் கூடாது என்று நல்லபிள்ளையாக அதை ரூட்டின் ஹோம் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து, அதில் ‘டிசைன்’ என்ற ஷேரைச் சேர்த்தேன். ஓடிக்கொண்டிருந்த சர்வீஸை சிஸ்டம்சிடிஎல் (சிஸ்டம்டி-க்கு உத்தரவு போடுகிற கட்டளை) ஸ்டாப் போட்டு நிறுத்தினேன். பிறகு எஸ்எம்பிடி, பெரிய டி, சின்ன எஸ், என் நகலின் பாதை. பெரிய டி என்றால் டெர்மினலை விட்டுப் பிரிந்து பின்னணியில் ஓடு என்று அர்த்தம். சின்ன எஸ் என்றால் வழக்கமான கான்ஃபிக்கை விட்டுவிட்டு நான் காட்டுகிற ஃபைலைப் படி என்று அர்த்தம். ஐந்து டிசைனர் மெஷின்களிலும் இசட் டிரைவ் வந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஒரு புகாரும் இல்லை. ஆவணியில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ஜெனரேட்டருக்கு மாறுகிற அந்தச் சில நொடிகளைத் தாங்க வேண்டிய யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்திருக்கிறது. சர்வர் அணைந்து எழுந்தது. ஒன்பதரைக்கு எனக்கு போன்.

“தம்பி, நாலு வருஷ டிசைன் எல்லாம் போச்சுங்குறாங்க. எங்க இருக்கீங்க?”

போய்ப் பார்த்தால் ஐந்து மெஷினிலும் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி. சர்வரின் ஐபியை நேராக அடித்துத் திறந்தால் வெள்ளை ஜன்னல், ஒரு ஃபோல்டர்கூட இல்லை. வயிறு கலங்கியது. சர்வரில் உட்கார்ந்து, ஃபைல்களைப் பட்டியலிடுகிற எல்எஸ் அடித்தேன். ஃபைல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பச்சை எழுத்தில் ‘ஆக்டிவ்’ என்கிறது. சாம்பா கான்ஃபிக்கைச் சரிபார்க்கிற டெஸ்ட்பார்ம் ஓட்டினால் ‘லோடட் சர்வீசஸ் ஃபைல் ஓகே’ என்கிறது. எல்லாரும் நலம், நோயாளியைத்தான் காணோம்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஃபயர்வாலை அணைத்தேன். எஸ்எம்பி பாஸ்வேர்டை மாற்றினேன். மொத்த டிசைன் ஃபோல்டருக்கும் சிஎச்மாட் 777 போட்டேன், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவிட்டேன். ஆமாம், போடக் கூடாதுதான். பின்னால் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நீங்களும் போடுவீர்கள்.

கடைசியில், முன்பு அடித்த கட்டளைகளைக் காட்டுகிற ஹிஸ்டரி கட்டளையில் மேலே போய்க்கொண்டே இருந்தேன். அங்கே இருந்தது என் கையால் அடித்த அந்த வரி: எஸ்எம்பிடி, பெரிய டி, சின்ன எஸ், ரூட்டின் ஹோம் ஃபோல்டர். ஸ்டாப் என்பது அந்த நேரத்துக்கு மட்டும்தான் நிறுத்தும், டிஸேபிள் ஆக்காது, அதாவது பூட்டில் தானாகக் கிளம்புவதைத் தடுக்காது. எனவே பூட் ஆனதும் சிஸ்டம்டி தன் வழக்கப்படி சர்வீஸைக் கிளப்பியிருக்கிறது. அது இடிசி-யில் இருந்த ஒரிஜினலைப் படித்திருக்கிறது. அதில் ‘டிசைன்’ என்ற ஷேர் கிடையாது. டெஸ்ட்பார்ம்-உம், பாதை எதுவும் கொடுக்காவிட்டால், அந்த ஒரிஜினலைத்தான் சரிபார்க்கும். ஃபைல் ஓகேதான், நான் எழுதிய ஃபைல் இல்லை.

ஓடுகிற புரோகிராம்களைக் காட்டுகிற பிஎஸ் இஎஃப் போட்டு எஸ்எம்பிடி வரியை ஒருமுறை பார்த்திருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். கையால் கிளப்பியதில் சின்ன எஸ்-உம் பாதையும் அப்படியே நிற்கும். உபுண்டுவில் சிஸ்டம்டி கிளப்பியதில் ‘ஃபோர்கிரவுண்ட்’ என்று இருக்கும், பாதை இருக்காது. ஏன் தோன்றவில்லை? நான் பிஎஸ் கற்ற லட்சணம் அப்படி. எங்கள் கல்லூரி லேபில் லினக்ஸ் பாதி நாள் பூட் ஆகாது. ஆனாலும் ரெக்கார்ட் நோட்டில் அவுட்புட் எழுதியாக வேண்டும். போன வருஷ சீனியர் நோட்டைப் பார்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிஎஸ்-இன் அவுட்புட்டைப் பேனாவால் எழுதினோம். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பிராசஸ் எண். சீனியருக்கும் அதே எண்தான். சார் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டார். ‘டீமன் என்றால் என்ன’ என்பதற்கு இரண்டு மார்க்கும் வாங்கினேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் விஷயம். எஸ்எம்பிடி, சின்ன பி போட்டு அதன் அவுட்புட்டில் ‘கான்ஃபிக்ஃபைல்’ வரியைத் தேடுங்கள். உங்கள் சாம்பா இயல்பாக எந்த ஃபைலைப் படிக்கும் என்று அது சொல்லிவிடும். உங்கள் ஷேரை அந்த ஃபைலில் எழுதுங்கள். டெஸ்ட்பார்ம் ஓட்டுங்கள். கையால் கிளப்பிய பழைய எஸ்எம்பிடி-யைக் கொன்றுவிட்டு, சிஸ்டம்சிடிஎல் எனேபிள் (பூட்டில் தானாகக் கிளம்ப), பிறகு ரீஸ்டார்ட். உபுண்டுவிலும் டெபியனிலும் சர்வீஸின் பெயர் எஸ்எம்பிடி, ஃபெடோரா பக்கம் எஸ்எம்பி மட்டும். அப்புறம் எஸ்எம்பிகிளையன்ட், பெரிய எல், லோக்கல்ஹோஸ்ட், பெரிய யு, உங்கள் யூசர் பெயர். பட்டியலில் ஷேர் வர வேண்டும். எல்லாம் ஆனபிறகு நீங்களே ரீபூட் செய்து பாருங்கள், நீங்கள் அங்கே இருக்கும்போதே.

‘கமாண்ட் லைனில் எஸ்எம்பிடி-யை யாராவது நேராகக் கிளப்புவார்களா’ என்று ஒருவர் வருவார். கிளப்பலாம், அதற்கு இடம் இருக்கிறது. சின்ன ஐ-யும் டீபக் லெவல் 3-உம் கொடுத்து ஓட்டினால் லாக் அப்படியே திரையில் ஓடும். எந்த யூசர், எந்தப் பாதையில் முட்டி நிற்கிறான் என்று கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் கன்ட்ரோல் சி. முன்னதாக சர்வீஸை நிறுத்த மறக்காதீர்கள், சாம்பா பேசுகிற 445ஆம் போர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். ‘நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கிற தயார்நிலைப் பெட்டி) வாங்கியிருக்கலாமே’ என்று இன்னொருவர் வருவார். அந்தப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவதும் இதே சாம்பாதான் ஐயா.

இன்னொன்று. விண்டோஸில் ‘நெட்வொர்க்’ ஐகானைத் திறந்து சர்வர் பெயர் தெரியவில்லை என்று பதறாதீர்கள். அது எஸ்எம்பி 1 (ஃபைல் பகிர்கிற நெறிமுறையின் பழைய பதிப்பு) காலத்துப் பழக்கம். 2017இல் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் செய்த கலவரத்துக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே அதை இயல்பாகப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். 2019இல் சாம்பா 4.11-உம் இயல்பாக அதை ஏற்பதை நிறுத்தியது. ஷேர் தெரிய வேண்டும் என்பதற்காக ‘மின் புரோட்டோகால் என்டி1’ என்ற வரியை (‘மின்’ என்றால் மினிமம், பழைய எஸ்எம்பி 1-ஐ அனுமதிக்கிற வரி) எங்கிருந்தோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஐபியை அடித்துத் திறந்தால் போதும்.

அந்த அச்சகத்தில் பதினொன்றே முக்காலுக்கு இசட் டிரைவ் திரும்ப வந்தது. பில்லில் ‘சாம்பா சர்வர் பழுது’ என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, “சம்பா அரிசியா தம்பி?” என்றார். பணம் தீபாவளி கழித்து வந்தது. அந்த 777-ஐ மட்டும் இன்னும் திருத்தவில்லை என்று நினைக்கிறேன்.

மேலே சொன்னதைச் செய்தும் வரவில்லை என்றால் பிஎஸ் அவுட்புட்டைக் கமென்ட்டில் போடுங்கள். உங்கள் மெஷினில் வந்ததைப் போடுங்கள், பேனாவால் எழுதியதை வேண்டாம்.