எதிர்ப்பொருள் மருந்தும் இதயமும்: தங்கச்சிமடத்துத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாத்தனார் மார்பகப் புற்றுநோய்க்காக மதுரையில் ஊசி மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுக்கச் சொன்னதைக் கூடவே இருந்து பார்த்த மகள், "கட்டி மார்பில் இருக்க, ஏன் இதயத்தைப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டதையும், மருந்துகள் இதயத்தைப் பாதிக்கின்றனவா என்று சோதிக்கும் துறையிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்று நிற்பதையும் எழுதியிருந்தீர்கள். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அது எட்டுமா என்பதே தங்கள் கவலை. எட்டும். ஆனால் அந்த வேலை எது என்று தெரிந்த பிறகுதான் படிப்பைப் பற்றிப் பேச முடியும்.

மகள் கேட்ட கேள்வி மிகச் சரியானது. நாத்தனார் எடுத்துக்கொண்டது, நான் ஊகிப்பது சரியானால், 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தாக, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் தேடிப் பற்றும் புரத மருந்தாக, இருக்கும். புற்றுசெல்லின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கும் ஹெர்-2 என்ற ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை, அது பற்றிக்கொள்கிறது. அதே ஏற்பி இதயத் தசை செல்களிலும் சிறிதளவு இருக்கிறது; அச்செல்கள் சோர்வையும் சேதத்தையும் தாங்கிப் பிழைக்க அதன் வழியே வரும் சமிக்ஞை தேவைப்படுகிறது. இந்த மருந்தை ஆந்த்ராசைக்கிளின் வகைக் கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுத்த முதல் பெரிய ஆய்வில் 27 விழுக்காட்டினருக்கு இதயச் செயல்பாடு குறைந்தது. முன்னதாக நடந்த விலங்குச் சோதனைகள் இதை உணர்த்தவில்லை. அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான் தங்கள் நாத்தனாருக்கு எடுத்த எக்கோ.

வழக்கமான மாத்திரை மருந்துகளின் இதயப் பாதுகாப்பைச் சோதிக்கும் முறை வேறு. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சீர்செய்யும் ஹெர்க் என்ற பொட்டாசியம் கால்வாயில், அதாவது செல் சவ்வில் பொட்டாசியம் கடந்துபோகும் நுண்துளையில், மருந்து போய் அடைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். அடைத்தால், இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்புக்கு மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளி இசிஜியில் நீண்டு, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். எதிர்ப்பொருளோ ஏறக்குறைய 1,50,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய மூலக்கூறு. சாளை வலையின் கண்ணுக்குள் திருக்கை நுழையாது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதுபோல இம்மூலக்கூறு அந்தக் கால்வாயின் உட்குழிக்குள் போய் அடைப்பது அரிது. ஆகவே சர்வதேச வழிகாட்டு நெறிகளும், வேறு காரணம் இல்லாதவரை, எதிர்ப்பொருள் மருந்துக்குத் தனியாக விரிவான க்யூடி ஆய்வு கேட்பதில்லை. அதே எதிர்ப்பொருளின் முதுகில் சிறிய நச்சு மூலக்கூறு ஒன்றை ஏற்றி அனுப்பும் புதிய வகை மருந்துகளில், அந்த நச்சு கழன்று வெளியே வரக்கூடும் என்பதால், பழைய கேள்வி திரும்ப வந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தடையை அவிழ்த்துவிடும் இபிலிமுமாப், நிவோலுமாப் போன்றவற்றிலோ கவலை வேறு: அரிதாகச் சிலருக்கு, அவிழ்ந்த எதிர்ப்பாற்றல் இதயத் தசையையே தாக்கி உயிரைப் பறிக்கும் அழற்சியை உண்டாக்குகிறது.

இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த நிகழ்வு ஒன்று உண்டு. அது எதிர்ப்பொருள் அன்று, நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களான டி செல்களின் மரபணுவை மாற்றித் தரும் சிகிச்சை. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொது. புற்றுநோய்ப் புரதம் ஒன்றைத் தேடிப் போகும்படி செய்த டி செல்கள், இதயத் தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தையும் அதுவென்றே எடுத்துக்கொண்டதால் நோயாளிகள் இருவர் இறந்தனர். 2013-இல் இது வெளியானது. வழக்கமான செல் வளர்ப்பில் அந்த ஆபத்து தெரியவில்லை. பலவகைச் செல்லாக மாறவல்ல தண்டு செல்லிலிருந்து உருவாக்கி, தட்டிலேயே துடித்துக்கொண்டிருந்த இதயச் செல்களில் சோதித்தபோதுதான் தெரிந்தது. எந்த மருந்துக்கு எந்த ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டி யோசித்து, அதற்கேற்ற சோதனையைத் தேர்ந்தெடுக்கும் அறிவுதான் இந்த வேலையின் உயிர். கருவியை இயக்கக் கற்பது அதற்குப் பிறகு.

ஆகவே படிப்பின் பெயரில் "புற்றுநோய்" இருக்கிறதா என்று தேட வேண்டாம். மருந்தியலும் உடலியங்கியலும் ஆழமாகக் கற்பிக்கும் படிப்பு போதும். நான் முதலில் சொல்வது நான்கு ஆண்டு பி.ஃபார்ம், அதன்பின் ஜிபேட் தேர்வு எழுதி எம்.ஃபார்ம் மருந்தியல். பலர் நினைத்தே பார்க்காத, ஆனால் எனக்கு இன்னும் பிடித்த வழி, ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம்: விலங்கின் உடலில் சிறு கருவி பொருத்தி அது விழித்திருக்கும்போதே இசிஜியும் ரத்த அழுத்தமும் பதிவு செய்வதற்கும், இதயத் திசுவை நுண்ணோக்கியில் படிப்பதற்கும் பெங்களூரு, ஐதராபாத் ஆய்வகங்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் வேண்டும். தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, இந்த இரண்டு படிப்புகளிலுமே, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரித்தொழில்நுட்பம் என்றால் மதுரை காமராசர், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. வரை பக்கத்திலேயே படிக்கலாம். ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் இந்தத் துறையில் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எக்கோ எடுக்கும் அந்த வேலையே மகளுக்குப் பிடித்திருந்தால், இதயத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது, அது மருத்துவமனை வேலை, ஆராய்ச்சி வேலை அன்று.

பணத்தைப் பற்றித் தாங்கள் எழுதத் தயங்கியது புரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பிறர் படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகும் தங்கள் கணவருக்கு வருமானமே இல்லாத அந்த அறுபத்தொரு நாளுக்குள்தான் விண்ணப்பக் கட்டணமும் அலைச்சலும் வந்து சேரும். மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவத்திலும் பொறியியலிலும் அத்தகைய மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் 2021 முதல் உண்டு. அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆறு மாத "கிளினிக்கல் ரிசர்ச்" டிப்ளமோவுக்கு நகையை அடகு வைக்கச் சொல்லி யாராவது வந்தால், தயவுசெய்து என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்னைப் பார்க்க வரும்போது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான தலைமையாசிரியர் சான்று ஆகியவற்றை எடுத்து வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். கால்நடை மருத்துவமா, மருந்தியலா என்பதை அவளிடம்தான் நான் கேட்க வேண்டும்.