பாட் லீக்ஸ் நடுவில் கெட்டியாக இருக்கிறதா?

வணக்கம். இங்கிலாந்தின் நியூகாசில் தோட்டத்தில் உங்கள் ஆறு பாட் லீக்ஸில் (போட்டிக்கென்று குட்டையாக, பருமனாக வளர்க்கும் வெங்காயக் குடும்பச் செடி) இரண்டின் நடுவில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது, செப்டம்பர் போட்டிக்கு வைக்கலாமா, அதிலிருந்தே கன்று எடுத்து விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இலைகள் பிரியும் இடத்துக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். இலை என்றால் தட்டையாக நெகிழும். பென்சில் மாதிரி உருண்டையாக நின்றால் பூத்தண்டுதான். இளங்கன்றில் குளிர் பட்டால் இப்படி வரும். மனசு வராது, ஆனாலும் அந்த இரண்டையும் பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள்.

அவற்றில் கன்று எடுக்கவே வேண்டாம். பூத்தண்டின் தலையில் முளைக்கும் கன்று தாயின் அச்சு அசல் நகல்; முந்திப் பூக்கும் குணம் இருந்தால் அதுவும் கூடவே வரும். போட்டி முடிந்ததும் உங்கள் சிறந்த செடியை மறுபடி நட்டு வையுங்கள். அடுத்த கோடையில் பூத்தண்டு விடும். மொட்டுகளைக் கத்தரியால் ஒட்ட மழித்துவிட்டால், அந்தப் பூ உருண்டையில் பச்சைப் புல்லாகக் குட்டிக் கன்றுகள் கிளம்பும். அங்குள்ளவர்களும் அதைப் 'புல்' என்றுதான் சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்க வெளிச்சமும் கதகதப்பும் கொடுத்து வளர்த்தால் வசந்தத்தில் விற்கலாம். தாய்ச்செடியின் அளவையும் படத்தையும் கையில் வைத்திருங்கள். வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அப்புறம், மீதி நான்கு. போட்டிக்கு வைப்பதென்றால் அடியிலிருந்து முதல் இலை பிரியும் இடம் வரை 150 மி.மீ. தாண்டக் கூடாது. இன்றைக்கே அளந்துவிடுங்கள்.