வேர் தேடுவோம்: இரண்டு குடும்பப்பெயர், ஒரே குடும்பம்

கேள்வி: என் மருமகன் கனடாவின் கியூபெக் மாநிலத்துக்காரர், பிரெஞ்சு வழிக் குடும்பம். பேத்திக்காக அவர்கள் வம்சாவளியை எழுதுகிறேன். தகப்பன் பெயர் 'உதோன் தி போலியூ' என்றும் மகன் வெறும் 'போலியூ' என்றும் இருக்கிறது. போதாக்குறைக்கு அண்ணன் தம்பி எல்லாருமே ஜோசப்! இது ஒரே குடும்பமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். நடுவில் வரும் 'தி', நம் பத்திரங்களில் 'முருகன் என்கிற செல்வம்' என்று எழுதுகிறோமே, அந்த 'என்கிற'தான். 1665-இல் பிரான்சிலிருந்து அங்கே வந்த கரிஞான்-சாலியேர் படைப்பிரிவு வீரர்களுக்குப் பட்டாளப் பெயர் உண்டு. பலருக்கு அதுவே குடும்பப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. சொந்த ஊர், நிலம் இவற்றாலும் இப்படிப் பெயர் வந்தது. பிள்ளைகளில் ஒருவர் முதல் பெயரையும் இன்னொருவர் இரண்டாவதையும் வைத்துக்கொள்வார். இதற்கு விதி எதுவும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையையும் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

ஜோசப் விஷயம்: குறிப்பாக 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஞானஸ்நானத்தில் ஆணுக்கு ஜோசப், பெண்ணுக்கு மரி என்று முதலில் எழுதுவது வழக்கம். அடுத்தது பெரும்பாலும் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாயின் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். 'ஜோசப் பியேர் அல்ஃபோன்ஸ்' மக்கள்தொகைக் கணக்கில் அல்ஃபோன்ஸ் ஆகிவிடுவார். தேடும்போது பிள்ளையின் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பெற்றோர் இருவர் பெயரையும் கொடுங்கள். ஒரே தம்பதிக்கு இரண்டு பியேர் இருந்தால் மூத்தவனின் அடக்கப் பதிவைத் தேடுங்கள். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது சகஜம்.

ஞானஸ்நானப் பதிவில் தொடங்காதீர்கள். திருமணப் பதிவில் தொடங்குங்கள். பொண்ணு, மாப்பிள்ளை இருவரின் தாய் தகப்பன் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடு அதில் இருக்கும். அந்தத் தாய் தகப்பனின் திருமணத்தைப் பிடித்தால் ஒரு தலைமுறை மேலே ஏறியாயிற்று. கல்யாணம் வழக்கமாகப் பெண்ணின் பங்கில், அதாவது அவள் ஊர்த் தேவாலயத்தில், நடக்கும்; மாப்பிள்ளை ஊரில் தேடிக் களைத்துப் போகிறவர்களே அதிகம். கியூபெக் பதிவுகளில் பெண் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார் என்பது பெரிய வசதி.

கேள்வி: திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் பெற்றோர் பெயரே இல்லை. பங்குச்சாமியார் மறந்துவிட்டாரா? (வாசகர், குன்னூர்)

பதில்: மாப்பிள்ளைக்கு அது மறுமணமாக இருக்கும். மனைவியை இழந்தவர் என்றால் பெற்றோருக்குப் பதிலாக இறந்த மனைவியின் பெயரை எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரை வைத்து முதல் திருமணத்தைத் தேடுங்கள், பெற்றோர் அங்கே இருப்பார்கள்.

கேள்வி: காசு கட்டாமல் எங்கே பார்ப்பது? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: ஃபேமிலிசர்ச் தளத்தில் கியூபெக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்கள் 1621-இலிருந்து உள்ளன, இலவசக் கணக்கு போதும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் உருவான பி.ஆர்.டி.எச். தரவுத்தளம் 1849 வரை குடும்பங்களைக் கோத்தே வைத்திருக்கிறது, ஆனால் முழுத் தகவலுக்குக் கட்டணம் உண்டு. சிக்கலான ஒரு தலைமுறைக்கு மட்டும் அதை வாங்குவது புத்திசாலித்தனம்.

தேடலில் வரும் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளாமல் பதிவேட்டுப் படத்தைத் திறந்து படியுங்கள். கிடைத்ததும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். மலையில் இணையம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்! பதிவேட்டைக் கோயிலுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று என இரண்டு பிரதியாக எழுதினார்கள். ஒன்றில் மை அழிந்திருந்தால் மற்றதைக் கேளுங்கள். தேதியில்தான் அதிகம் வழுக்கும்: மாதம் இருக்கவேண்டிய இடத்தில் 7 என்ற எண்ணும் அதன்மேல் பொடியாகப் பிரெஞ்சு எழுத்துகளும் இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர். பத்துக்கான ரோமன் குறி டிசம்பர்.