உம்றா போகும்போது நெட் இல்லாமல் மேப் வேலை செய்யுமா?

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வாப்பாவையும் உம்மாவையும் உம்றாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே சிம் வாங்கும் எண்ணம் இல்லை, ஹோட்டல் வைஃபை மட்டும்தான். மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரத்தில் இருந்து ஹோட்டலுக்குத் திரும்பி வர போனில் உள்ள மேப் உதவுமா?"

தாராளமாக உதவும் தம்பி, ஆனால் ஊரிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிற அந்த நீலப் புள்ளிக்கு நெட்டும் தேவையில்லை, சிம்மும் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையை போன் நேரடியாக வாங்கிக்கொள்கிறது, அதற்குக் காசு போகாது. நெட் கேட்பது புள்ளிக்கு அடியில் இருக்கிற வரைபடம்தான்.

அதை வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தட்டினால் ஓஃப்லைன் மேப்ஸ் என்று வரும். மக்காவை ஜித்தா விமான நிலையமும் உள்ளே வருகிற மாதிரி ஒரு பெட்டியாகவும், மதீனா 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் அதைத் தனியாகவும் எடுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். நெட் இல்லாதபோது கூகுள் மேப் வாகனத்துக்கு மட்டும்தான் வழி சொல்லும், நடக்கிறவருக்குச் சொல்லாது. உங்களுக்கோ நடைதான் அதிகம், அதுவும் வயதானவர்களோடு. வாகன வழியை நம்பினால் ஒருவழிப் பாதைகளுக்காக வீணாகச் சுற்ற வைத்துவிடும். அதனால் ஓர்கானிக் மேப்ஸ் என்ற செயலியையும் போட்டு, மக்காவும் மதீனாவும் வருகிற பகுதிகளை இறக்குங்கள். இலவசம், விளம்பரமும் கிடையாது, நடக்கும் வழியை நெட் இல்லாமலே காட்டும். உம்மாவின் போனிலும் கட்டாயம் போட்டு விடுங்கள்.

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா என்று மக்காவில் போய்ப் பார்க்க வேண்டாம். அக்கரைப்பற்றில் கல்முனை பஸ்ஸில் ஏறி, ஃப்ளைட் மோட் போட்டுவிட்டு மேப்பைத் திறந்து பாருங்கள், அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் என்று புள்ளி பஸ்ஸோடு சேர்ந்து நகர வேண்டும். நகராவிட்டால் லொகேஷன் ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய நாட்டில் இறங்கியதும் நெட் இல்லாமல் முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம், திறந்த வானத்துக்குக் கீழே பொறுமையாக நில்லுங்கள்.

ஹோட்டலைப் பெயர் போட்டுத் தேடுவதை நான் நம்பச் சொல்லமாட்டேன், ஒரே மாதிரிப் பெயரில் பல ஹோட்டல்கள் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் வாசலில் நின்று, மேப்பில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துச் சேமியுங்கள். ஹோட்டல் அட்டையின் அரபுப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், டாக்ஸிக்காரருக்குக் காட்ட அதுதான் உதவும்.

ஹரத்தைச் சுற்றி உயரமான கட்டடங்கள். செய்மதிச் சமிக்ஞை அவற்றில் பட்டுத் தெறிப்பதால் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கிற மாதிரிக் காட்டும், சுரங்கப் பாதைக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் அதை நம்பவே கூடாது. அங்கே வாசல் இலக்கம்தான் துணை. மன்னர் அப்துல் அஸீஸ் வாசல் 1, மன்னர் ஃபஹ்த் வாசல் 79. நுழைந்த வாசலின் இலக்கத்தை மூன்று பேரும் மனதில் வைத்து, பிரிந்துபோனால் அந்த வாசலுக்கு வெளியே நிற்பது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் லைவ் லொகேஷன் நெட் இல்லாமல் வேலை செய்யாது, அதை நம்பி வாப்பாவைத் தனியே விட வேண்டாம்.

விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மற்றச் செயலிகள் பின்னால் இருந்து காசைத் தின்றுவிடும். அப்புறம், மேப் ஓடினால் பெற்றரி சீக்கிரம் இறங்கும். பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்ப விடமாட்டார்கள்.